கேமரா போட்டோவை கேபிள் இல்லாமல் போனுக்கு அனுப்பும் வைஃபை மெமரி கார்டு: இன்றைக்கும் வாங்கலாமா?

கல்யாண வீடு. மாலை மாற்றி அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "அந்த போட்டோவ இப்பவே அனுப்புங்களேன், ஸ்டேட்டஸ் வைக்கணும்" என்று மாப்பிள்ளையின் தங்கை வந்து நிற்பார். உங்கள் கழுத்தில் தொங்குவது பத்து வருஷத்துக்கு முன்பு வாங்கிய டிஎஸ்எல்ஆர். படம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் அது கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் என்ன செய்வோம்? கேமராவின் திரையில் அந்தப் படத்தை வைத்து, அதைப் போனால் இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புவோம்!

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் வைஃபை மெமரி கார்டு. பெரிய நிறுவனங்கள் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும், ஆன்லைனிலும் பழைய கேமரா விற்கும் கடைகளிலும் இன்னும் கண்ணில் படுகிறது. டெல்லி சாந்தினி சௌக்கில் உள்ள கூச்சா சௌத்ரி போன்ற கேமரா மார்க்கெட்டுகளில் பழைய கேமராவோடு சேர்த்தே யாராவது ஒன்றை நீட்டலாம். வாங்கலாமா, வேண்டாமா? அது எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது.

வைஃபை மெமரி கார்டு என்றால் என்ன?

பார்ப்பதற்குச் சாதாரண எஸ்டி கார்டு மாதிரியேதான் இருக்கும். அதே 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் தடிமன். ஆனால் சாதாரண கார்டில் சேமிக்கும் சிப்பும் அதைக் கட்டுப்படுத்தும் சிப்பும் மட்டும்தான் இருக்கும். இதில் கூடுதலாக ஒரு குட்டி பிராசஸர், ஒரு வைஃபை ரேடியோ, ஒரு ஆண்டெனா மூன்றையும் அடக்கியிருப்பார்கள்.

உங்கள் கேமராவைப் பொறுத்தவரை இது வெறும் மெமரி கார்டு. படத்தை எழுதும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்தான் அந்தப் படத்தைப் படித்து போனுக்கோ லேப்டாப்புக்கோ அனுப்புகிறது. அதனால்தான் வைஃபை என்ற வசதியே இல்லாத கேமராவிலும் இது வேலை செய்கிறது.

போட்டோ எந்த வழியில் போகிறது?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில், கார்டே ஒரு குட்டி ஹாட்ஸ்பாட் ஆகிவிடும். போனின் வைஃபை பட்டியலில் கார்டின் பெயர் தெரியும். அதில் சேர்ந்து, ஆப் மூலமாகவோ பிரவுசர் மூலமாகவோ படங்களைப் பார்த்து, வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். ரூட்டர் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். மண்டபத்திலும் மலை உச்சியிலும் வேலை செய்யும்.

இரண்டாவது வழியில், கார்டு உங்கள் வீட்டு அல்லது ஸ்டுடியோ ரூட்டரில் போய்ச் சேரும். கேமராவை ஆன் செய்து வைத்தால், படங்கள் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்.

முதல் வழியில் எல்லாரும் ஒரு இடத்தில் மாட்டுவார்கள். கார்டின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. அதைக் கண்டுபிடித்த போன், "இதில் இன்டர்நெட் இல்லை" என்று சொல்லிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்களோ கார்டு கெட்டுப்போச்சு என்று நினைப்பீர்கள். படம் இறங்கும் வரை மொபைல் டேட்டாவை ஆஃப் செய்யுங்கள், அல்லது போன் கேட்கும்போது "இந்த நெட்வொர்க்கிலேயே இரு" என்று தேர்ந்தெடுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், ஆப்புக்கு 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் வந்த ஐ-ஃபை கார்டுக்கு என்ன ஆனது?

இந்த வகை கார்டைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஐ-ஃபை நிறுவனம். அதன் முதல் கார்டு 2007 அக்டோபரில் வந்தது. 2 ஜிபி கொள்ளளவு, விலை சுமார் 100 டாலர். கேனான், நிக்கான் நிறுவனங்கள் தங்கள் சில கேமராக்களின் மெனுவிலேயே 'ஐ-ஃபை' என்று தனி வரி சேர்க்கும் அளவுக்கு அது பரவியது. உங்கள் பழைய கேமராவின் மெனுவில் அந்தப் பெயரைப் பார்த்து இது என்ன என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

ஆனால் ஆரம்பகால ஐ-ஃபை கார்டுகளில் ஒரு சிக்கல் இருந்தது. எந்த வைஃபையில் சேர வேண்டும், படம் எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் அமைக்க, நிறுவனத்தின் மென்பொருளில் கணக்கு தொடங்கி உள்நுழைய வேண்டும். கார்டு உங்கள் கையில், சாவி அவர்களின் சர்வரில்!

2016-இல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எக்ஸ்2 என்ற தலைமுறை கார்டுகளுக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்கும் 2016 செப்டம்பர் 16-உடன் ஆதரவு முடிகிறது என்றது. கார்டின் சிப் எரிந்துபோகவில்லை. சேமிக்கும் திறனும் போகவில்லை. ஆனால் அமைப்பை மாற்றத் தேவையான ஆன்லைன் சேவை இல்லை என்றால், எதற்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கினார்களோ அந்த வேலைக்கு அது உதவாது. பல வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள்.

ஃபிளாஷ்ஏர் மட்டும் எப்படிப் பிழைத்தது?

ஜப்பானின் தோஷிபா 2012-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஃபிளாஷ்ஏர் கார்டு. 2017-இல் வந்த டபிள்யூ-04 மாடலில் 64 ஜிபி வரை கிடைத்தது. பிறகு தோஷிபாவின் மெமரி பிரிவு தனி நிறுவனமாகி, 2019 அக்டோபரில் கியோக்ஸியா என்று பெயர் மாறியது. ஃபிளாஷ்ஏர் தயாரிப்பும் நின்றுவிட்டது.

ஆனாலும் வேலை செய்யும் நிலையில் உள்ள ஒரு ஃபிளாஷ்ஏர் இன்றைக்கும் பயன்படும். காரணம், அந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு குட்டி வெப்சைட் ஓடுகிறது. போனை கார்டின் வைஃபையில் சேர்த்துவிட்டு, பிரவுசரில் 192.168.0.1 என்ற எண்ணை அடித்தால் போதும். படங்களின் பட்டியல் வந்துவிடும். நிறுவனத்தின் ஆப் வேண்டாம், கணக்கு வேண்டாம், சர்வர் வேண்டாம். பிரவுசர் இருக்கிற வரை வழி இருக்கிறது.

ஆப்பை மட்டுமே நம்பியிருக்கும் கார்டுகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11, பழைய 32-பிட் ஆப்களை முழுக்க நிறுத்தியது. ஆண்ட்ராய்டு 14-இல், ஆண்ட்ராய்டு 6-க்கும் முந்தைய பதிப்புகளுக்காக எழுதப்பட்ட ஆப்களைச் சாதாரணமாக இன்ஸ்டால் செய்யவே முடியாது. கார்டு நன்றாக இருக்கும், போனும் நன்றாக இருக்கும், இரண்டையும் இணைக்கும் ஆப் மட்டும் இருக்காது.

ஆக, வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை ஜிபி?" அல்ல. "ஆப் இல்லாமல், கணக்கு இல்லாமல், பிரவுசரில் திறக்குமா?" என்பதுதான்.

வேகம் எப்படி இருக்கும்? ஒரு கணக்கு

இந்தக் கார்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரே ஒரு சின்ன ஆண்டெனாவோடு இயங்குபவை. 802.11என் வசதி உள்ள கார்டாக இருந்தாலும், காகிதத்தில் உச்ச வேகம் விநாடிக்கு 72 மெகாபிட். அதாவது சுமார் 9 எம்பி. நடைமுறையில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

விநாடிக்கு 2 எம்பி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜேபெக் படம் 8 எம்பி என்று எடுத்துக்கொண்டால்:

- 20 படங்கள் (160 எம்பி): 80 விநாடி.
- 1,000 படங்கள் (8 ஜிபி): ஒரு மணி நேரத்துக்கும் மேல்.
- 25 எம்பி அளவுள்ள 1,000 ரா ஃபைல்கள் (25 ஜிபி): சுமார் மூன்றரை மணி நேரம்.

இதே 8 ஜிபியை, விநாடிக்கு 80 எம்பி வேகத்தில் படிக்கும் கார்டு ரீடரில் போட்டால் 100 விநாடியில் முடிந்துவிடும். 25 ஜிபி என்றாலும் ஐந்து நிமிடம் சொச்சம்தான்.

மாப்பிள்ளையின் தங்கைக்கு நாலு படம் அனுப்ப வைஃபை கார்டு பிரமாதம். கல்யாணம் மொத்தத்தையும் இறக்க அது சரிப்படாது. சில கார்டுகள் ரா ஃபைலை அனுப்பவே அனுப்பாது, ஜேபெக் மட்டும்தான் என்பதையும் மனசில் வையுங்கள்.

மண்டபத்தில் மட்டும் ஏன் இழுக்கிறது?

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறைந்த சக்தியுள்ள கருவிகள் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி வகுத்தது. வீட்டுக்கு வீடு ரூட்டர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதே காரணத்தால் அந்த அலைவரிசையில் கூட்டமும் அதிகம். புளூடூத், ரூட்டர்கள், சிலவகை ஒயர்லெஸ் மைக்குகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான போன்கள் உள்ள ஒரு ஹாலில், கார்டின் சின்னக் குரல் அமுங்கிப் போவதில் ஆச்சரியம் இல்லை.

போதாக்குறைக்கு கார்டு உட்கார்ந்திருப்பது கேமராவின் வயிற்றுக்குள். கேமராவின் உடல் உலோகம் என்றால் சிக்னல் இன்னும் குறையும். போனை கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டுக்குத் தனி பேட்டரியும் கிடையாது. கேமராவின் பேட்டரியைத்தான் அது உறிஞ்சும். கேமரா தானாக ஆஃப் ஆனால், படம் பாதி வழியில் நின்றுவிடும். எனவே படம் அனுப்பும் நேரத்தில் 'ஆட்டோ பவர் ஆஃப்' நேரத்தை நீட்டி வையுங்கள். முழு நாள் வேலைக்குக் கூடுதல் பேட்டரி கட்டாயம்.

போனில் இருந்தே படத்தை டெலிட் செய்யலாமா?

கூடாது. இங்கேதான் நிஜமான ஆபத்து இருக்கிறது.

ஒரு கார்டில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. கேமரா ஆன் ஆகும்போது அந்த அட்டவணையைப் படித்து, 'இங்கெல்லாம் காலி இடம் இருக்கு' என்று தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. கார்டில் எழுதுவது தான் மட்டும்தான் என்பது அதன் நம்பிக்கை. அந்த நேரத்தில் நீங்கள் வைஃபை வழியாக ஒரு படத்தை அழித்தாலோ, கார்டுக்குள் ஒரு ஃபைலை அனுப்பினாலோ, அட்டவணை மாறிவிடும். கேமராவுக்கு அது தெரியாது. தன்னிடம் உள்ள பழைய கணக்கை வைத்து அடுத்த படத்தை எழுதும். இரண்டு பேர் ஒரே கணக்கு நோட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதினால் என்ன ஆகும்? அதேதான். படங்கள் கெடலாம், கார்டே திறக்காமல் போகலாம்.

வைஃபை வழியாகப் படிப்பது மட்டும் பாதுகாப்பானது. எழுதுவது, அழிப்பது எல்லாம் கேமராவின் வேலை.

இன்னொன்று. போனுக்குப் போன படம் பேக்அப் ஆகிவிட்டது என்று நினைத்து கார்டை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். சில ஆப்கள் சின்ன அளவிலான பிரதியை மட்டும் இறக்கும். இணைப்பு நடுவில் அறுந்தால் பாதி ஃபைல் மட்டும் வந்திருக்கலாம். முழு அளவுப் படங்கள் குறைந்தது இரண்டு இடங்களில் இருக்கின்றன என்று திறந்து பார்த்து உறுதி செய்யும் வரை, கார்டில் கை வைக்காதீர்கள். மாலை மாற்றும் அந்த நொடியைத் திரும்ப எடுக்க முடியாது.

பக்கத்து டேபிள்காரர் உங்கள் படங்களைப் பார்க்க முடியுமா?

நீங்கள் கவனிக்காமல் விட்டால், முடியும். ஃபிளாஷ்ஏர் கார்டின் ஆரம்ப பாஸ்வேர்டு 12345678. அதை மாற்றாமல் பொது இடத்தில் பயன்படுத்தினால், அருகில் உள்ள எவரும் இணைந்து பிரவுசரில் எல்லாப் படங்களையும் பார்க்கலாம். வாடிக்கையாளர் வீட்டு நகை, குழந்தைகள், மணப்பெண் அலங்காரம் எல்லாம் இருக்கும் கார்டு அது.

வாங்கியதும் முதல் வேலையாக கார்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். கார்டின் பெயரில் உங்கள் ஸ்டுடியோ பெயரை வைக்காமல் இருப்பது நல்லது. வைஃபை எப்போதும் ஆனில் இருக்கத் தேவையில்லை. ஃபிளாஷ்ஏரில், குறிப்பிட்ட ஒரு படத்துக்கு கேமராவின் 'புரொடெக்ட்' பட்டனைப் போட்டால் மட்டும் வைஃபை ஆன் ஆகும்படி அமைத்துக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

- ஆப் இல்லாமல் பிரவுசரில் திறக்கிறதா? கடையிலேயே, உங்கள் போனிலேயே, உங்கள் கேமராவிலேயே போட்டுப் பாருங்கள்.
- ஐ-ஃபை எக்ஸ்2 அல்லது அதற்கு முந்தைய கார்டு என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைஃபைக்காக வாங்காதீர்கள்.
- பிறகு வந்த ஐ-ஃபை மோபி என்றால், ஆக்டிவேஷன் கோட் இருக்கிறதா என்று கேளுங்கள். கார்டு மட்டும் தனியாக வந்தால் சந்தேகம்தான்.
- முன்பு வைத்திருந்தவரின் பாஸ்வேர்டு அப்படியே இருக்கலாம். அதை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.
- கேமராவின் ஸ்லாட் எது? இவை எஸ்டி அளவில் வந்தவை. சிஎஃப் கார்டு போடும் கேமராவுக்கு நேரடியாகப் பொருந்தாது.
- மிகப் பழைய கேமரா என்றால், எஸ்டிஎச்சி கார்டை ஏற்குமா என்று பாருங்கள். அந்த வகை 2006-இல்தான் வந்தது.
- மெமரி கார்டில் போலிகள் உண்டு. கார்டை முழுக்க நிரப்பி, படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று சோதித்த பிறகே வேலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் கேமராவில் இரண்டு எஸ்டி ஸ்லாட் இருந்தால் ஒரு நல்ல வழி இருக்கிறது. முதல் ஸ்லாட்டில் நம்பகமான, வேகமான சாதாரண கார்டைப் போட்டு, முழு அளவுப் படங்களை அதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது ஸ்லாட்டில் வைஃபை கார்டைப் போட்டு, ஜேபெக் பிரதியை மட்டும் அனுப்புங்கள். வைஃபை கார்டுக்கு என்ன ஆனாலும் மூலப் படம் தப்பித்துவிடும்.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. பலருக்கு அதுவே போதும்.

கார்டு ரீடர்: யூஎஸ்பி-சி முனை உள்ள சின்ன எஸ்டி கார்டு ரீடர் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். ஓடிஜி வசதியுள்ள ஆண்ட்ராய்டு போன்களிலும், 2023-இல் வந்த ஐபோன் 15 முதலான மாடல்களிலும் நேரடியாகச் செருகலாம். கார்டை வெளியே எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் குறை. ரா ஃபைலும் வரும், ஆப்பும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

கேமராவிலேயே வைஃபை: உங்கள் கேமராவில் ஏற்கெனவே இருக்கிறதா என்று மெனுவில் ஒருமுறை பாருங்கள். கேனான் 6டி 2012-லேயும், நிக்கான் டி5300 2013-லேயும் உள்ளமைந்த வைஃபையோடு வந்தன. கேனான் 1200டி-யில் இல்லை, அடுத்து 2016-இல் வந்த 1300டி-யில் இருக்கிறது. வைஃபை இருந்தும் ஒருநாளும் தொடாமல் வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

தனி அடாப்டர்: கேமரா நிறுவனங்களே சில மாடல்களுக்கு வைஃபை அடாப்டர் விற்றன. நிக்கான் டி3300-க்கான டபிள்யூயூ-1ஏ ஓர் உதாரணம். கேனான் 7டி மார்க் 2-க்கு எஸ்டி கார்டு வடிவிலேயே டபிள்யூ-இ1 என்ற அடாப்டர் 2016-இல் வந்தது. ஆனால் இவை குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும்தான்.

எந்த வழியில் போனுக்கு வந்தாலும், கடைசிக் கட்டத்தில் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். முழுத் தரம் வேண்டும் என்றால் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

அப்போ, வாங்கலாமா?

கேமராவில் வைஃபை இல்லை, அடிக்கடி கார்டைக் கழற்றவும் முடியாது, இருக்கிற இடத்திலேயே ஐந்து பத்து ஜேபெக் படங்கள் மட்டும் அனுப்பணும். இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்தினால், பிரவுசரில் திறக்கும் ஒரு வைஃபை கார்டு நல்ல துணை. சோதித்து வாங்குங்கள், அதை மட்டுமே நம்பாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு யூஎஸ்பி-சி கார்டு ரீடரே போதும். அதற்கு எந்த சர்வரும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். எந்த நிறுவனம் எந்தத் தேதியில் எதை நிறுத்தினாலும், அது வேலை செய்துகொண்டே இருக்கும்.